எஞ்சினை அணைத்து ஓட்டிய சிவசாமி

சிவசாமி பிறருக்காக யோசித்துச் செய்த காரியங்கள் அதிகமில்லை. அப்படிச் செய்த ஒன்றில்தான் அவனுடைய அக்காள் புருஷன் செத்துப்போனான். சிவசாமியைக் கெட்டவன் என்று தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. நல்லவன் என்று சொல்லவும் யாரும் அவசரப்பட்டதில்லை.

இலங்கை மலைநாட்டில் றொசல்லைக்கு மேலே, அட்டன் ரோட்டிலிருந்து பிரிந்து சரிவாக இறங்கும் பாதையின் முடிவில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட, அவனை எடுத்து வளர்த்தவர்கள் அக்காள் மீனம்மாவும் அவள் புருஷன் மாயாண்டியும். மாயாண்டி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். பெரிய தொரையின் பங்களாவில் கார் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மச்சினனைக் கூட்டிக்கொண்டு போய், அன்றைய பேரையும் கூலியையும் இழந்து பின்வாசலில் பொழுது சாயும்வரை நின்று வேலையில் சேர்த்துவிட்டவன் அவன்தான். கழுவப் போன சிவசாமி காலப்போக்கில் டிரைவரானான்.

அந்தக் கார் அமெரிக்காவில் செய்த கறுப்பு ப்ளிமத். உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்களில் வந்தது. அதன் மூக்கு நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு பாய்மரக் கப்பல் பளபளத்துக்கொண்டிருக்கும். மற்றத் தொரைமார் வைத்திருந்த சின்ன இங்கிலீஷ் கார்கள் மேட்டில் இருமிக்கொண்டு ஏறும். ப்ளிமத் அப்படியல்ல. அடிவயிற்றிலிருந்து எழும் ஒரே சீரான முழக்கம் அதற்கு. இரண்டு மலைக்கு அப்பாலிருந்தே அது கேட்கும்.

கேட்டதும் தோட்டத்து ஜனங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. ரோட்டோரத்து வடிகாலான கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். ஆண்கள் தலையில் போட்ட கம்பளியை எடுத்துவிட வேண்டும், குடை பிடித்தவர்கள் மடக்கிவிட வேண்டும். மழையானாலும், கானில் முழங்கால் மட்டும் தண்ணீர் ஓடினாலும் அப்படித்தான். கார் போன பிறகு ஏறிக்கொள்ளலாம். இதை யார் விதித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. காருக்குள் இருந்த பெரிய தொரை, ஜனங்கள் வாயில் நெட்டைத் தொரை, அவர்களை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஓட்டிக்கொண்டிருந்த சிவசாமி பார்த்திருக்கிறான். கானில் நின்றவர்களுக்குள் தன் அக்காளையும் மச்சானையும் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்ப்பான்.

நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷம் கழித்துத் தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் வலுத்தது. மாயாண்டியைத் தலைவராக வைத்தார்கள். அதிகம் பேசாதவன் பேசினால் எடுபடும் என்று நினைத்தார்களோ என்னவோ. கோயில் முற்றத்தில் அவன் பேசிய ஒரே பேச்சு எல்லோருக்கும் நினைவிருந்தது.

"தொரை கார் வந்தா ஓரமா ஒதுங்குங்க. அது மரியாதை. கானுக்குள்ள எறங்காதீங்க. மாடுகூட தானா எறங்காது. இனி நான் எறங்கமாட்டேன்."

அந்த வருஷமே நெட்டைத் தொரை சீமைக்குத் திரும்பினார். தோட்டம் கைமாறியது. புதிய தொரை ஒரு சின்னக் காரோடு வந்தார். அந்தக் காரின் சத்தத்துக்கு யாரும் கானில் இறங்கவில்லை, அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாயாண்டியின் சொல் ஜெயித்துவிட்டது என்று ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

ப்ளிமத் அப்போது கராஜில் படுத்திருந்தது. கிளட்ச் போய், ரேடியேட்டர் ஒழுகி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நெட்டைத் தொரை கிளம்புமுன் அதைச் சிவசாமிக்கே விலைக்குக் கொடுத்தார். "ஓட்ட முடிஞ்சா ஓட்டு. முடியாட்டி களட்டி வித்திரு," என்றார் தன் தோட்டத்துத் தமிழில். சிவசாமி தன் சேமிப்பையெல்லாம் போட்டான். ராக்காயியின் காதில் கிடந்ததும் போயிற்று.

"தொரை போயிட்டாரு, அவரு கழிச்சுப் போட்ட எரும நம்ம தலையில," என்றாள் ராக்காயி. அவள் அவனுடைய மனைவி. எதையும் இரண்டு தரம் யோசிக்காமல் சொல்லக்கூடியவள்.

"எரும இல்ல புள்ள. யான."

"தீனி போட்டுக் காட்டுங்க, பாப்போம்."

அட்டன் பஜாருக்குப் பின்னால் பழைய வாகனங்களை வாங்கி, ஓடுவதை ஓட்டவும் ஓடாததைக் கழற்றியும் விற்றுக்கொண்டிருந்தார், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் மீராசாஹிப். ஒரு லொறியில் கயிறு கட்டி ப்ளிமத்தை அவருடைய வளவுக்கு இழுத்துப் போனான் சிவசாமி. மீராசாஹிப் அதைச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இந்தக் காருக்கு நாட்டுல சாமான் இல்ல. ஆனா ஒரு சங்கதி சொல்றன் கேளு. ஃபார்கோ லொறிக்கும் இதுக்கும் ஒரே தாய் வயிறு. லொறிட சாமான் இதுக்குப் பொருந்தும்."

"லொறி மாதிரி ஆயிடாதா நானா?"

"நீ ஏறினா லொறி, மாப்பிள்ள ஏறினா கார். என்ன வேணும் உனக்கு, ஓடணுமா, அழகா இருக்கணுமா?"

"ஓடணும்."

ஒரு வருஷத்துக்கும் மேல் பிடித்தது. பகலில் மீராசாஹிப்பின் லொறி ஓட்டுவான், மற்ற நேரத்தில் காருக்கு அடியில் கிடப்பான். கவிழ்ந்து கிடந்த ஒரு ஃபார்கோவிலிருந்து கிளட்ச் வந்தது. வால்வுகளைக் கையாலேயே தேய்த்து உட்காரவைத்தான். கதவு ஒன்று துருப்பிடித்து உதிர்ந்திருந்தது, தகரம் வெட்டி ஒட்டினான். சிவசாமியின் வேலை சுத்தமான வேலை என்று சொல்வதற்கில்லை. ஒட்டிய இடம் கடைசிவரை ஒட்டிய இடமாகவே தெரிந்தது. ஆனால் எஞ்சின் பிடித்துக்கொண்ட அன்று அந்தப் பழைய முழக்கம் அப்படியே எழுந்தது. மீராசாஹிப் கடையிலிருந்து எழுந்து வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

அட்டன் ஸ்டேஷனில் வாடகைக்கு ஓட்டுவது என்று ஏற்பாடு. புதிய தொரை, லயத்துக்கு மேலே ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திக்கொள் என்று அனுமதி கொடுத்தார். முதல் தடவை காரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மச்சானைத்தான் முதலில் ஏற்ற வேண்டும், பின்சீட்டில், தொரை உட்கார்ந்த இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று சிவசாமி வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தான்.

நாலாம் நம்பர் மலைத் திருப்பத்தில், விறகுக் கட்டோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மாயாண்டி. கார் சத்தம் கேட்டதும் மாயாண்டி விறகைப் போட்டான், கம்பளியை இழுத்தான், கானுக்குள் இறங்கினான். சலாமுக்குக் கையும் பாதி எழுந்துவிட்டது. பின்னால் வந்த பெண்களில் பாதிப் பேரும் இறங்கிவிட்டார்கள். இறங்காமல் ரோட்டோரம் நின்றவர்கள் அவன் பேச்சை நம்பியவர்கள்.

சிவசாமி காரை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"மச்சான், நாந்தான்! தொரை இல்ல, நாந்தான்!"

கூட்டத்தில் ஒருத்தி, "அடி ஆத்தே, தலைவரே கானுக்குள்ள நிக்கிறாரு!" என்றாள்.

"மாடுகூட எறங்காதுன்னாரே," என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு வெடித்தது. கானில் நின்றவர்களும் சிரித்தார்கள், தங்கள் வெட்கத்தை மறைக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. சிவசாமியும் சிரித்தான். சந்தோஷத்தில் வந்தவன் அதே சந்தோஷத்தில் சிரித்துவிட்டான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். நிமிர்ந்தபோது மாயாண்டி ஏறி, விறகைத் தூக்கி வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே சேறு.

லயத்தில் ஒரு வாய்க்குக் கிடைத்தது எல்லா வாய்க்கும் போகும். "தலைவரே, கார் சத்தம் கேக்குது, பாத்து நில்லுங்க," என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இளவட்டங்கள் கேலி பேசினார்கள். அடுத்த கூட்டத்தில் மாயாண்டி தலைவர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சிவசாமி லயத்தில் அவன் குடியிருந்த அறைக்கு, அவன் காம்பராவுக்குப் போய், தெரியாமல் சிரித்துவிட்டேன் மச்சான் என்றான். மாயாண்டி கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். தீட்டி முடித்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். அதன் பிறகு அவனோடு பேசவே இல்லை.

மீனம்மா தம்பியைப் பீலியடியில் பிடித்துக்கொண்டாள்.

"தீவாளிக்கு வராத தம்பி. அவரு இருக்கிறப்ப வராத."

"நான் வேணும்னா சிரிச்சேன்? வந்திருச்சு அக்கா."

"வந்தா பொத்திக்கிறதுக்குத்தான் கை இருக்கு."

"அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனே."

"எங்க கேட்ட? சிரிச்சது ரோட்டுல, கேட்டது காம்பராவுக்குள்ள."

தாயில்லாதவனுக்கு அந்த ஒரு காம்பராதான் பிறந்த வீடு. அதன் கதவு மறுபடி திறக்க வேண்டும் என்பதைத் தவிர, அதற்குப் பிந்திய காலத்தில் சிவசாமிக்குப் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்கலாம் என்று ராக்காயி சொன்னாள். அவன் போனான். மாயாண்டி கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தான்.

அதைவிடக் கஷ்டம், ஜனங்கள் கானில் இறங்குவது நிற்கவில்லை. சத்தம் கேட்டதும் கால் இறங்கிவிடும், அப்புறம் யார் என்று பார்த்துவிட்டு ஏசுவார்கள். ஒவ்வொரு ஏச்சும் மாயாண்டியின் காதுக்குப் போகும், அவனுக்கு அந்த நாள் மறுபடி நடக்கும். சிவசாமி காருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தான்.

"பச்சை அடிச்சா உள்ள இருக்கிற தொரை எறங்கிப் போயிருவாராக்கும்," என்றாள் ராக்காயி.

சைலன்சரை மாற்றினான். முழக்கம் இன்னும் கனத்ததே தவிரக் குறையவில்லை. ஹார்னைக் கழற்றி வேறொன்று போட்டான். கதவு, கிளட்ச், நிறம், ஹார்ன் எல்லாம் மாறிய பிறகு அதில் நெட்டைத் தொரையுடையது என்று எது மிச்சம் என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். கால்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அட்டன் ரோட்டிலிருந்து தோட்டம் வரை பாதை முழுவதும் இறக்கம். காலையில் ஆட்கள் எழுமுன் மேலேறிப் போய்விடுகிறான். மாலையில் திரும்பும்போது, அட்டன் ரோட்டைவிட்டு வளையும் முடக்கிலேயே எஞ்சினை அணைத்து, கியரை எடுத்துவிட்டால் கார் தானாக உருண்டு லயம் வந்து சேரும். சத்தம் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் யாரும் இறங்கமாட்டார்கள்.

முதல் நாள் ஒரு கிழவி, பக்கத்தில் பச்சையாக ஏதோ நகர்வதைக் கண்டு, "யாருடா அது, பூனை மாதிரி!" என்று கத்தினாள். ஆனால் ரோட்டில் நின்றுதான் கத்தினாள். சிவசாமிக்கு அந்த ஏச்சு இனித்தது. பிரேக்கில் காலை வைத்து, காற்றும் சக்கரமும் மட்டும் கேட்க, அவன் மாதக்கணக்காக அப்படியே இறங்கினான். ஜனங்களுக்கும் பழகிப்போயிற்று. கூடையோடு நடந்துபோகும் வயசாளிகள் கைகாட்டி ஏறிக்கொள்ளவும் தொடங்கினார்கள். ஒரு மாலையில் மாயாண்டி எதிரே வந்தான். ரோட்டோரம் ஒதுங்கி நின்றான். கார் கடக்கும்போது முகத்தைத் திருப்பவில்லை.

"மச்சான் இன்னிக்கு என்னப் பாத்தாரு," என்றான் சிவசாமி வீட்டில்.

"கண்ணு இருக்கு, பாத்தாரு," என்றாள் ராக்காயி. பிறகு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கட்டும், நல்லதுதான்," என்றாள்.

அது ஆடி மாதத்து மழை. மலைக்கு மேலிருந்து பனிமூட்டம் ரோட்டுக்கே இறங்கியிருந்தது. சிவசாமி வழக்கம்போல முடக்கில் எஞ்சினை அணைத்தான். விளக்கு வெளிச்சம் சில முழத்துக்கு மேல் போகவில்லை. நாலாம் நம்பர் மலைத் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு முதுகு தெரிந்தது. கம்பளிமேல் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு, ரோட்டின் நடுவே, மழைக்குக் குனிந்து நடந்துகொண்டிருந்தான் ஒருவன். சாக்கின்மேல் மழை விழும் சத்தத்தில் அவனுக்கு வேறு எதுவும் கேட்டிருக்காது. அந்த நடையைச் சிவசாமிக்குத் தெரியும்.

கை ஹார்னுக்குப் போனது. அமுக்கியிருக்கலாம், நேரம் இருந்தது. அமுக்கினால் மச்சான் கானில் இறங்குவான். அதே இடத்தில், மறுபடியும், சிவசாமிக்காக. அந்த நினைப்பில் கை நின்றது. பிரேக்கை மிதித்து, வலப்பக்கம் விலகி, சத்தமில்லாமல் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். ஈரச் சரளையில் சக்கரம் சொன்னபடி கேட்கவில்லை. கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய் அந்த முதுகில் மோதியது.

சிவசாமி ஓடிப்போய்த் தூக்கினான். மாயாண்டிக்கு நினைவு இருந்தது.

"யாரு?"

"நாந்தான் மச்சான்."

சிவசாமி அவனைத் தனியாகவே தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தான். எஞ்சினை முடுக்கி, காரைத் திருப்பி, மேட்டில் ஏற்றினான். முழக்கம் மலையெல்லாம் எதிரொலித்தது. பின்னாலிருந்து மாயாண்டி ஏதோ சொன்னான். சிவசாமி தலையைத் திருப்பினான்.

"ஆர்ன் அடிச்சிருந்தா எறங்கியிருப்பேனேடா," என்றான் மாயாண்டி.

குரலில் கோபம் இல்லை. நடந்ததற்குக் காரணம் புரியாதவன் கேட்பதுபோல இருந்தது. அத்தனை காலத்துக்குப் பிறகு மச்சான் தன்னிடம் பேசிவிட்டான் என்பதும் சிவசாமிக்கு அப்போது தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவன் பிற்பாடு தன்னை வெறுத்தான். ஆஸ்பத்திரியில் மாயாண்டி இரண்டு நாள் கிடந்தான். மறுபடி பேசவில்லை.

விசாரணையில் மழையையும் பனிமூட்டத்தையும் சொல்லி, விபத்து என்று எழுதினார்கள். எஞ்சின் ஏன் அணைந்திருந்தது என்று கேட்டார்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க என்றான் சிவசாமி. அது அவர்களுக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

காரை அவன் மீராசாஹிப்பின் வளவில் கொண்டுபோய் நிறுத்திச் சாவியைக் கொடுத்தான். கருமாதிச் செலவு இருந்தது, அக்காளின் பிள்ளைகள் இருந்தார்கள்.

"தம்பி, ஓடுற காரா குடுக்கிறியா, கழட்டுற காரா குடுக்கிறியா?"

"கழட்டிருங்க நானா."

"மடத்தனமாப் பேசாத. வெளிநாட்டுக் கார் இறக்கறத கவுமேந்து நிப்பாட்டிட்டான். இண்டைக்கு ஓடுற காருக்குத்தான் விலை. ஒங்கட அக்காட புள்ளைகளை நெனச்சுப் பாரு."

அவன் யோசித்துத் தலையாட்டினான். நோட்டன் பிரிட்ஜிலிருந்து கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரர் பார்க்க வந்தார். எஞ்சினை முடுக்கிக் கேட்டார், முகம் மலர்ந்தது.

"கல்லு மாதிரி இருக்கே. பின்ன ஏன் விக்கிறீங்க?"

மீராசாஹிப் குறுக்கே புகுமுன் சிவசாமி சொல்லிவிட்டான். "இதுல அடிபட்டு ஒருத்தர் செத்துட்டாரு. எங்க அக்கா வீட்டுக்காரரு."

அவர் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"உண்மை பேசத்தான் வேணும்," என்றார் மீராசாஹிப், அவர் போன திசையைப் பார்த்தபடி. "காசு கைக்கு வந்த பொறகு பேசியிருக்கலாம்."

செய்தி பஜாரில் பரவியதும் ஓட்டுவதற்கு வாங்க ஆள் வரவில்லை. கழற்றி விற்பதுதான் வழி என்றாயிற்று. கழற்ற வேறு ஆள் வைக்கவேண்டாம் என்றான் சிவசாமி. தான் முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் தானே தளர்த்தினான். எஞ்சின் மரம் அரியும் ஆலை ஒன்றுக்குப் போயிற்று. கிளட்ச் மறுபடி ஒரு ஃபார்கோவுக்குள் போயிற்று. முடிவெட்டும் கடைக்காரர் பின்சீட்டைக் கேட்டார். அதை மட்டும் கொடுக்காதீங்க நானா என்றான் சிவசாமி. மீராசாஹிப் ஏன் என்று கேட்காமல் அதை வளவுக்குப் பின்னால் எரிக்கச் சொன்னார்.

பதினாறாம் நாள் வந்தது. விதவையானவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும், உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். மீனம்மாவுக்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான்.

"அடிச்சுக் கொன்ன கையால கோடியா?" என்று வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கேட்டார். மாயாண்டியின் பங்காளி ஒருவர் வாங்கிப் போடட்டும் என்றார் இன்னொருவர். அது முறையில்லை, பிறந்த வீடு செத்துப்போனது என்று ஆகிவிடும் என்றார்கள் பெண்கள்.

சிவசாமி தன் காம்பராவுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சேலையைத் தட்டில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள் ராக்காயி.

"என்னால முடியாது புள்ள."

"ஒங்களால முடியுமா முடியாதான்னு யாரு கேட்டா? நீங்க போகாட்டி அவங்க இன்னிக்கு யாருமத்தவங்களா உக்காந்திருப்பாங்க. எந்திரிங்க."

அவன் போனான். வழியில் யாரும் தடுக்கவில்லை, யாரும் வழிகாட்டவும் இல்லை. காம்பரா வாசலில் நின்றான். உள்ளே மீனம்மா தரையில், தலை கலைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா," என்றாள்.

சேலையை விரித்து அவள் தோளில் போர்த்தினான். அந்த நேரத்தில் உடன்பிறந்தவனைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் வழக்கம். அவள் எழுந்து, அவனுக்குப் பின்னால் நின்ற ராக்காயியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிவசாமி வெறுங்கையோடு நின்றான். அழுகை ஓய்ந்த பிறகு அவள் முகத்தைக் கோடியிலேயே துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீ வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனா இனி வராத தம்பி. பொங்கலுக்குச் சீர் கொண்டாராத. புள்ளைகளுக்கு நல்லது கெட்டதுன்னா நிக்காத. நான் செத்தா வா. அப்பவும் கோடி நீதான் கொண்டாரணும்."

"சரி அக்கா," என்றான்.

லைசென்ஸை அவனே திருப்பிக் கொடுத்துவிட்டு, தோட்டத்தில் புல்வெட்டில் பேர் பதிந்துகொண்டான். அக்காளும் அவனும் அதே லயத்தில்தான் இருந்தார்கள், இடையில் சில காம்பராக்கள். அவள் சொன்னதை அவன் மீறவில்லை. அவள் பிள்ளைகளுக்கு அரிசி வேண்டும் என்றால் ராக்காயி கொண்டுபோய்க் கொடுப்பாள், யார் கொடுத்தது என்று மீனம்மா கேட்கமாட்டாள்.

தை பிறக்கும் முன்பு அவன் அட்டனுக்குப் போய்ப் பச்சரிசியும் வெல்லமும் கரும்பும் வாங்கி வந்தான், அக்காளுக்குச் சீர் கொடுக்கும் அளவுக்கு. இறக்கி வைத்த பிறகுதான் அக்காள் சொன்னது அவனுக்கே நினைவு வந்தது. ராக்காயி மூட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பொங்கலன்று எல்லா அரிசியையும் ஒரே பானையில் போட்டுப் பொங்கினாள். இரண்டு பேருக்கு அது ரொம்ப அதிகம். மறுநாளும் அதையே தின்றார்கள்.